நாவலடி வயல் யாருடையது

பரணிதரன் காசு கொடுத்து வாங்கினான் என்பது எங்கள் விவசாயக் கல்லூரியில் கேன்டீன்காரர் வரைக்கும் தெரியும். மறைத்தானா என்ன? "ஒரே கிளிக், வேலை முடிஞ்சுது" என்று பல்லைக் காட்டியவன்தான். ஆய்வறிக்கையை இணையத்தில் விற்கிறார்கள், இவன் வாங்கினான், எப்படியோ போகட்டும் என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் அவன் வாங்கியது என்னுடைய அறிக்கை.

திருவிடைமருதூர் பக்கம் எங்கள் ஊரில் நாவலடி என்றொரு வயல். நேரடியாக விதைத்தால் நெல் எப்படித் தூர் கட்டுகிறது, நாற்று நட்டால் எப்படி என்று குறுவை முழுக்க அதிலேயே கிடந்தேன். சேற்றில் அளவெடுக்கும் டேப்பின் மறுமுனையைப் பிடித்தது என் அப்பா ரெத்தினம். எழுதி முடித்ததும், எங்காவது காப்பி போலத் தெரிகிறதா என்று பார்க்க ஓர் இலவசத் தளத்தில் ஏற்றினேன். படுபாவிகள், அதை அப்படியே விற்றுவிட்டார்கள். பரணி அதை எனக்கு முன்பே கல்லூரியில் கொடுத்துவிட்டான். நான் கொடுத்தபோது கல்லூரியின் மென்பொருள் என்னைக் களவாணி என்றது.

குற்றம் உறுதியானால் இந்த வருடம் தேர்வு எழுத முடியாது. உதவித்தொகையும் நின்றுவிடும். அப்புறம் படிப்பாவது, மண்ணாவது!

விசாரணைக்குத் துறைத்தலைவர் இராஜாங்கம் எங்கள் இருவரோடு என் அப்பாவையும் வரச் சொல்லியிருந்தார்.

"சார், அந்த வயலப் பத்தி அவன ஒரே ஒரு கேள்வி கேளுங்க" என்றேன்.

அவர் கேட்கவில்லை. பரணியின் அப்பாவுக்குப் போன் போட்டார். பேசி முடித்தவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"நாவலடி அவங்க வயலாமே?"

அவர்கள் வயல்தான். அவர்கள் தஞ்சாவூரில் வீடு கட்டிப் போய் வருடக்கணக்காகிறது, நெல் மட்டும் வீடு தேடிப் போகும். நாங்கள் வாய்ப்பேச்சுக் குத்தகை. துண்டுக் காகிதம் கிடையாது.

"பட்டா யாரு பேர்ல இருக்கு?" என்று அப்பாவிடம் கேட்டார்.

"அவங்க பேர்லதாங்க. ஆனா சாகுபடி..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுய்யா. சொந்த வயலப் பத்தி அவன் எழுதாம வேற யாரு எழுதுவா?"

"டேப்பு புடிச்சது நீங்கதானப்பா? சொல்லுங்கப்பா!" என்று கத்தினேன்.

அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. "பாப்பா தெரியாம பண்ணிடுச்சுங்க. மன்னிச்சு விட்ருங்க" என்று கும்பிட்டார்.

அடுத்த போகத்துக்கும் அந்த வயல் வேண்டுமே அவருக்கு. எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் பற்றிக்கொண்டு வந்தது. துறைத்தலைவர் என் பெயருக்கு நேரே ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்த வருடம் போயிற்று.

வெளியே வந்ததும் அப்பா பஸ் நிறுத்தத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். பரணி என் பின்னாலேயே ஓடி வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன், மடச்சி.

"சுடர், ஒரு நிமிஷம். வைவாவுல கேட்டாலும் கேப்பாங்க" என்றான். "அந்த நாவலடி, எங்க வயலாமே, ஊர்ல எந்தப் பக்கம் இருக்கு?"