சூசைமாணிக்கத்தின் ஆமென்

வெள்ளிக்கிழமை காலையில் காளவாசல் மாமியார் வீட்டின் மாடிப்படி முழுக்கச் செருப்புகள் நிறைந்துவிட்டன. ஜெசிந்தா சமையலறை வாசலில் நின்று கூடத்தைப் பார்த்தாள். பாய்கள் தீர்ந்து, போர்வைகள் தீர்ந்து, வெறும் தரையில் நிலைப்படிவரை பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே போக வேண்டுமென்றால் ஜெபிக்கிறவர்களின் மடியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஊரின் மறுகோடியில், வண்டியூரில் அவளுடைய தாய்வீட்டுக் கத்தோலிக்கக் கோயிலில், இன்னும் சற்று நேரத்தில் அப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசை தொடங்கிவிடும். அங்கே அவள் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா சூசைமாணிக்கம் நாகமலை புதுக்கோட்டை டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும் குரல். கோயிலில் அந்தக் குரல் எப்போதும் பிந்தித்தான் வரும். எல்லாரும் ஆமென் சொல்லி முடித்து, ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்து, பின் பெஞ்சிலிருந்து தனியாக ஒரு ஆமென் எழும். பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். “சூசை சொன்னாத்தான்யா நமக்குப் பூசை முடியும்” என்று பங்குச் சாமியாரே கேலி செய்வார்.

“ஏம்ப்பா, எல்லாரோடயும் சேந்து சொன்னா என்ன?” என்று ஒருமுறை கேட்டாள்.

“ஆமென்னா நான் ஒத்துக்கிறேன்னு அர்த்தம்டி. என்ன சொன்னாங்கன்னு யோசிக்காம எப்படி ஒத்துக்கிறது? எங்க போகணும்னு கேக்காம டிக்கெட் கிழிக்க முடியுமா?”

எபினேசரைக் கட்டிக்கொள்வதற்காக அவள் அவனுடைய பெந்தெகொஸ்தே சபையின் தொட்டியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த நாளில் அப்பாவும் வந்திருந்தார். பிறந்த குழந்தைக்குத் தலையில் தண்ணீர் ஊற்றியது செல்லாது, விசுவாசித்தவர்தான் முழுக வேண்டும், வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று பாஸ்டர் விளக்கினார். அவள் முங்கி எழுந்தாள். சபை முழுக்க ஆமென் என்றது. பழக்கதோஷத்தில் அவள் அந்தப் பிந்திய குரலுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. அப்பா துண்டை மட்டும் நீட்டினார். “தலையத் தொவட்டு, சளி புடிக்கும்.” அன்று கழற்றிய தோட்டை அவரிடமே கொடுத்தனுப்பினாள். நகை போடுவது அந்தச் சபையில் வழக்கமில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசியபோது அவர் சிரிக்கத்தான் முயன்றார். “எனக்குப் பூசை வைப்பாங்கள்ல, அன்னைக்குக் கடைசி ஆமெனுக்கு ஆளில்லாமப் போயிரும்டி. நீ சொல்லிருறியா?”

சொல்கிறேன் என்றாள். அடக்கத்தன்று அவளால் முடியவில்லை. இறந்தவருக்காக ஜெபிக்கிற இடத்தில் நிற்கக் கூடாது என்று மாமியார் கையைப் பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திக்கொண்டாள். மிச்சம் இருந்தது இந்த முப்பதாம் நாள்தான்.

அதற்காக அவள் தட்டாத கதவில்லை. முதலில் பாஸ்டர் தங்கப்பாண்டி. நியாயமான மனிதர், எதைக் கேட்டாலும் அவருக்கு ஒரே அளவுகோல்தான்.

“வசனம் காட்டும்மா. காட்டுனா நானே பைக்குல கொண்டாந்து எறக்கி விடுறேன்.”

அவள் அம்மாவின் வீட்டிலிருந்து கனத்த வேதத்தை எடுத்து வந்து மக்கபேயர் இரண்டாம் புத்தகத்தை விரித்துக் காட்டினாள். போரில் செத்தவர்களுக்காக மன்றாடியது நல்ல காரியம் என்று அதில் இருந்தது. பாஸ்டர் அதைப் பொறுமையாக வாசித்தார். பிறகு தன்னுடைய ஜிப் வைத்த வேதத்தைத் திறந்து, பழைய ஏற்பாடு முடிகிற மல்கியாவுக்கும் புதியது தொடங்குகிற மத்தேயுவுக்கும் நடுவே தேடிக் காட்டினார். அங்கே ஒரு வெற்றுத்தாள்தான் இருந்தது.

“எங்க வேதத்துல இந்தப் புஸ்தகமே இல்லையேம்மா.”

“யாரு எடுத்தாங்க பாஸ்டர்?”

“யாரு சேத்தாங்கன்னு நான் கேப்பேன்ல?”

அந்த வெற்றுத்தாளைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். தான் குடியிருப்பது அந்த ஒற்றைத் தாளில்தான் என்று தோன்றியது. முன்னும் பின்னும் எழுத்து, நடுவில் வெள்ளை.

அடுத்தது வண்டியூர்ச் சாமியார். அவர் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். “ஆளாளுக்குப் புஸ்தகத்த விரிச்சு வச்சு முடிவு பண்ண முடியாதும்மா. அந்தப் புஸ்தகத்தையே தொகுத்துக் குடுத்தது திருச்சபை. அப்போஸ்தலர் காலத்துல இருந்து வர்ற பாரம்பரியம்னு ஒண்ணு இருக்கு. ரெண்டாவது ஞானஸ்நானத்த விட்டுட்டேன்னு சொல்லி, பாவசங்கீர்த்தனம் பண்ணாம நீ வாசகம் வாசிக்க முடியாது, நற்கருணை வாங்க முடியாது. வந்து ஒக்காரலாம். யாரும் தடுக்கல.”

ஆமென் சொல்வதற்கு உட்கார்ந்தால் போதும். அவளுக்கு அதுவே பெரிய வாசலாகப்பட்டது. பாஸ்டரும் யோசித்துவிட்டு, “பெத்த தாய்க்கு ஆறுதலாப் போயி ஒக்காந்துட்டு வர்றதுக்கு வசனத்துல தடை இல்ல” என்றார்.

அப்படித் திறந்த வாசலைச் சாத்தியது சீனியம்மாள் அக்கா. ஆரப்பாளையத்தில் பூக்கடை போட்டிருந்தவள், எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் ஜெபத்தில் கண்ணை மூடினால் ஆவியானவர் அவளோடு பேசுவார் என்பதில் சபைக்குச் சந்தேகமே கிடையாது. போன ஞாயிறு ஆராதனை நடுவில் ஜெசிந்தாவின் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டாள்.

“மகளே, இந்த வெள்ளி வாசலத் தாண்டாத. வாசல்ல கண்ணி வச்சிருக்குன்னு ஆண்டவர் காட்டுறாரு.”

பாஸ்டர் வாயைத் திறந்து, சபையைப் பார்த்து, மூடிக்கொண்டார். மாமியார் கிரேஸ்மணி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். “இந்த வாரம் உபவாச ஜெபம் நம்ம வீட்லயே வச்சிருவோம். மருமகளுக்கும் பாதுகாப்பா இருக்கும்.”

எபினேசர் சபையில் வாசிக்கும் கீபோர்டைத் துடைத்துக்கொண்டே, “அம்மாவ எதுத்துப் பேசுனா வீடு ரெண்டாயிரும் ஜெசி” என்றான். அவன் அவ்வளவுதான் சொன்னான். ஆனால் வெள்ளிக்கிழமை காலை அவளுடைய தலையணையில் அவனுடைய கறுப்பு இயர்போன் கிடந்தது. அதில் இடது காது மட்டும்தான் கேட்கும்.

அதைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“பூசை தொடங்குனதும் எனக்குக் கூப்புடும்மா. போன ஸ்பீக்கர்ல போட்டு அப்பா பெஞ்சுல வச்சிரு. கட் பண்ணாத.”

“நீ வரலையாடி?” என்றாள் அமலோற்பவம். பிறகு, “சரி, பெஞ்சுல வைக்கிறேன்” என்றாள்.

இப்போது ஜெசிந்தா கூடத்தின் நடுவில் மாமியாருக்கும் சீனியம்மாளுக்கும் இடையே மண்டியிட்டிருந்தாள். ஜெபத்தில் பெண்கள் எல்லாரும் முக்காடு போட்டிருந்தார்கள். அவளும் போட்டிருந்தாள். முக்காட்டுக்குள், தோடு இல்லாத காதில், இயர்போன். ஒயர் கழுத்தோடு இறங்கி, இங்குள்ள சத்தம் அங்கே போகாமல் மியூட்டில் போட்டு இடுப்பில் செருகியிருந்த போனுக்குப் போனது. அந்தப் பக்கம் பூசை நடந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் எபினேசர் ஒரே சுருதியை அழுத்திப் பிடித்திருந்தான்; அதன்மேல் ஸ்தோத்திரமும் ஆவி வந்து பேசும் அந்நிய பாஷையும் அலையலையாக ஏறின. இரண்டும் அவள் தலைக்குள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. பாதி மூடிய கண்ணால் நிலைப்படியைப் பார்த்தாள். வாசலில் ஒரு கைக்குழந்தைக்காரி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் செருப்புகள், படிகள், காளவாசல் சிக்னலில் ஓயாத ஹாரன்கள். ஒரு ஆட்டோ பிடித்தால் போய்விடலாம். கால் மரத்துப்போயிருந்தது.

காதில் சாமியாரின் குரல் மெல்லியதாக வந்தது. முப்பதாம் நாளை நினைவுகூரும் சூசைமாணிக்கத்தின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று தொடங்கினார். அவள் இடுப்பிலிருந்த போனைத் தடவி மியூட்டை எடுத்தாள். மன்றாட்டு முடிந்தது. கோயில் முழுக்க ஆமென் என்றது.

பிறகு அந்த இடைவெளி வந்தது. பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழும்ப வேண்டிய இடம். அங்கே யாரோ இருமினார்கள். கோயிலும் அதற்குக் காத்திருந்தது போலிருந்தது.

“ஆமென்!” என்றாள் ஜெசிந்தா.

முணுமுணுக்கத்தான் நினைத்தாள். ஆனால் வந்தது கண்டக்டர் குரல். கூடத்தில் ஜெபம் சட்டென்று நின்றது. எபினேசரின் விரல் மட்டும் அந்தச் சுருதியை விடாமல் பிடித்திருந்தது. அவள் தேம்பித் தேம்பி அழத் தொடங்கியிருந்தாள்.

“அபிஷேகம் எறங்குது!” என்று யாரோ கத்தினார்கள். சீனியம்மாள் திரும்பி அவள் தலையில் கையை வைத்து அழுத்தினாள். “பேசு மகளே! என்ன கேட்ட? ஆண்டவர் என்ன சொன்னாரு?”

“எங்கப்பா பேரு…” என்றாள் ஜெசிந்தா. அது உண்மை.

“அல்லேலூயா! அவ அப்பா பேரச் சொல்லிருக்காரு! அந்த மனுசன் ரட்சிக்கப்பட்டுட்டாருன்னு ஆவியானவர் அடையாளம் குடுக்குறாரு!”

கிரேஸ்மணி மருமகளை வாரி அணைத்துக்கொண்டாள். கல்லறைத் தோட்டத்துக் கேட்டில் கையைப் பிடித்து நிறுத்தியவளின் கன்னம் இப்போது அவள் கன்னத்தில் ஈரமாக ஒட்டியது. “சம்மந்தி தப்பிச்சுட்டாருடி! நானும் என்னமோ ஏதோன்னு இருந்தேனே! அடுத்த வாரம் சபையில சாட்சி சொல்லணும் நீ!”

சும்மா இருந்தால் போதும். வேதத்தில் இடமில்லை என்று இந்த வீடு மறுத்ததை, இப்போது இந்த வீடே அள்ளிக் கொடுக்கிறது. அப்பாவுக்கு மோட்சம், அவளுக்கு மாமியாரின் மடி. அதற்கு விலையாக ஒவ்வொரு வாரமும் மைக்கைப் பிடித்து இதையே சொல்ல வேண்டும், சாகும்வரை. வாசலில் இருப்பதாகச் சொன்ன கண்ணி இதுதானோ என்று நினைத்தாள்.

காதில் பாட்டு தொடங்கியிருந்தது. இங்கே நடப்பதெல்லாம் அந்தப் பெஞ்சில் அம்மாவுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்.

முன்னால் நின்று ஜெபம் நடத்திக்கொண்டிருந்த பாஸ்டர் தங்கப்பாண்டி மட்டும் அல்லேலூயா சொல்லவில்லை. அவர் அவள் எதிரே வந்து குனிந்தார். முகத்தில் குழப்பம் இருந்தது.

“கேக்குற குரலயெல்லாம் நம்பிரக் கூடாது, சோதிச்சுப் பாக்கணும்னு வேதத்துல இருக்கும்மா. யாரு சொன்னது அந்தப் பேர?”

“பாஸ்டர், ஆவியானவர சோதிக்கிறீகளா?” என்று சீறினாள் சீனியம்மாள்.

“நான் பிள்ளையத்தான் கேக்குறேன், அக்கா.”

அவர் பதிலுக்குக் காத்திருந்தார். கூடமே காத்திருந்தது. ‘நீ சொல்லும்மா ஆமென்னு’ என்று எல்லா முகங்களும் சொல்வது போலிருந்தது. என்ன சொன்னார்கள் என்று யோசிக்காமல் எப்படி ஒத்துக்கொள்வது? ஒரு மூச்சு விடுகிற நேரம் அவள் யோசித்தாள்.

பிறகு முக்காட்டை விலக்கினாள்.

காதில் தொங்கிய கறுப்பு ஒயரை முதலில் கிரேஸ்மணிதான் பார்த்தாள். அவள் கை ஜெசிந்தாவின் தோளிலிருந்து நழுவியது. “இது எபியோடதுல்ல?” என்றாள் மெதுவாக. கீபோர்டுச் சத்தம் அப்போதுதான் நின்றது. எபினேசர் தலை நிமிரவில்லை.

ஜெசிந்தா இடுப்பிலிருந்து போனை எடுத்து, ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கரை அழுத்தித் தரையில் வைத்தாள். பாடல் குழுவின் கரகரப்பான பாட்டு கூடத்துக்குள் வந்தது.

“எங்கப்பாவுக்குப் பூசை நடக்குது பாஸ்டர். எங்க சாமியார்தான் பேரச் சொன்னாரு. நான் ஆமென் சொன்னேன். வேற யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல.”

சீனியம்மாள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பாஸ்டர் போனைப் பார்த்தார், பிறகு தன் வேதத்தைப் பார்த்தார், எதையும் திறக்கவில்லை.

“ஆஃப் பண்ணுடி அத” என்றாள் கிரேஸ்மணி. ஆனால் அவளும் குனிந்து எடுக்கவில்லை. பெண்கள் போனைச் சுற்றிக் கொஞ்சம் விலகி உட்கார்ந்தார்கள். அதனால் வாசல் பக்கம் இன்னும் நெரிசலானது. கைக்குழந்தைக்காரி நிலைப்படியில் ஒண்டிக்கொண்டாள்.

பாட்டு முடிந்தது. போனில் ஏதோ உரசியது. அமலோற்பவத்தின் மூச்சு கேட்டது, பிறகு குரல்.

“ஜெசி? கேட்டுச்சுடி. இங்க எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்தாக. அப்படியே அவரு மாதிரியே இருந்துச்சு.”

ஜெசிந்தா போன் பக்கம் குனிந்தாள்.

“என்னடி அங்க அம்புட்டு அமைதியாயிருச்சு? லைன்ல இருக்கியா? பூசை முடியப்போகுது, சாப்பாட்டுக்காவது வாரியா?”

வாரேன் என்று சொல்ல அவள் வாய் வரைக்கும் வந்தது. நிமிர்ந்து நிலைப்படியைப் பார்த்தாள். அத்தனை மடிகளும் அப்படியே இருந்தன. ஒருத்தியும் நகரவில்லை.

“வச்சிராதம்மா,” என்றாள். “லைன்லயே இரு.”