நாலாவது சொம்பு

கருப்பராயன் கோயில் வாசலில் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் நான் தும்மினேன். சாதாரணத் தும்மல் அல்ல. பக்கத்துத் தோப்பில் கொக்குகள் கிளம்பின. மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்டக் கல்லாய் நின்றிருந்த கிடாய் வெலவெலத்து உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. "சாமி உத்தரவு குடுத்துருச்சு!" என்றார் பூசாரி. குலவை எழுந்தது. எனக்கும் மருதாத்தாளுக்கும் கல்யாணம் உறுதி.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. கிடாய்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். சிலுப்பினால் சாமிக்குச் சம்மதம், சும்மா நின்றால் இல்லை. கிடாயை வெட்டுவதற்கு அல்ல, சாமியிடம் வாக்குக் கேட்பதற்கு மட்டும். அன்று மூன்று சொம்புக்கும் அது அசையவில்லை. மருதாத்தாள் அடுத்த சொம்பை நிரப்பிக்கொண்டு வந்து நின்றாள். அவள் அப்பா குப்பண்ணனின் முகம் சுருங்குவதைப் பார்த்த பதற்றத்தில்தான் மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தேன்.

பொடி போட்டது என் இஷ்டம். தும்மியது என் இஷ்டமில்லை. கிடாய் சிலுப்பியது அதன் இஷ்டமா, என் மூக்கின் இஷ்டமா? இதில் சாமி எந்த இடத்தில் வந்தது? முப்பத்து மூன்று வயதுவரை பெண் அமையாதவனுக்கு வேண்டாத ஆராய்ச்சிதான். ஆனால் சாமி சொன்னபிறகு ஒரு பெண் மாட்டேன் என்று சொல்ல எங்கள் ஊரில் வழியில்லை. ஒருத்தியின் ஆயுசை என் மூக்கு தீர்மானித்துவிட்டதோ என்ற நினைப்பில் பொங்கலை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

குப்பண்ணனிடம் போனேன். "மாமா, நான் தும்முனதுலதானுங்க கெடா..."

"தும்ம வெச்சது யாருங்க மாப்ளே?" என்று வெற்றிலை வாயோடு திரும்பிக்கொண்டார்.

கொழிஞ்சாம்பாறையில் மளிகைக்கடை வைத்திருக்கும் சினேகிதன் முகம்மது குட்டி வந்திருந்தான். அவனிடமும் இதையே கேட்டேன். "தும்முனது நீ, சிலுப்புனது ஆடு, பொடி வித்தது நான். எமர்ஜென்சிடா நஞ்சப்பா, சும்மா கேள்வி கேட்டுட்டுத் திரியாதே. என்னையும் சேத்து உள்ள போட்டுருவாங்க."

தோப்பில் மோட்டார் தண்ணீர் விழும் தொட்டியடியில் மருதாத்தாள் சொம்பு கழுவிக்கொண்டிருந்தாள். கிடாய் பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது.

"அம்மிணி, உனக்கு இஷ்டமில்லீன்னா இப்பவே சொல்லிப்போடு. பொடி போட்டதாலதான் தும்முனேன்னு நானே பூசாரிகிட்டச் சொல்றேன். மறுக்கா கேக்கட்டும்."

அவள் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"போன மாசம் சந்தையில, மழைக்குக் கன்னுக்குட்டிக்குக் கொடையப் புடிச்சுட்டு நீங்க நனைஞ்சுட்டு நின்னீங்க. அன்னைக்கே எங்கப்பங்கிட்டச் சொல்லிட்டனுங்க, கட்டுனா இவரத்தான்னு."

"கெடா சிலுப்பாமயே நின்னிருந்தா?"

"நாலாவது சொம்பு என்ர கையிலதான இருந்துச்சு? கெடா காதுக்குள்ளயே ஊத்தியிருப்பனுங்க."

கிடாய் தொட்டியிலிருந்து தலையைத் தூக்கியது. எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, யாரும் எதுவும் கேட்காமலே, உடம்பை நன்றாக ஒரு சிலுப்புச் சிலுப்பிக்கொண்டு வரப்பில் ஏறி மேயப் போனது.