பேசாத இருவரும் ஒரு சிவப்பு விளக்கும்

என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் பெயின்ட். எங்கள் படகுக்கு நீலம் அடிக்கலாம் என்று இவர் டப்பா வாங்கி வைத்திருந்தார். அதற்குள் அண்ணன் ஒரு பக்கம் முழுக்கப் பச்சை அடித்துவிட்டார். இவர் விடுவாரா? மறுபக்கம் நீலம் அடித்தார். படகு போகும்போது ஒரு நிறம், திரும்பும்போது ஒரு நிறம். அன்றைக்கு வாயில் போட்ட பூட்டை இருவரும் திறக்கவே இல்லை.

நடுவில் தபால்காரி நான். "உன் அண்ணன்கிட்ட சொல்லு, கயிறு நைஞ்சு போச்சு" என்பார் இவர். அதே கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் நிற்பார். "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, எனக்கும் கண்ணு தெரியும்." இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஆனால் நான் திருப்பிச் சொல்லும்வரை ஒன்றும் கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆற்றைக் கடக்க ஆள் ஏற்றுவதென்றால் அனுமதி வேண்டும். அதிகாரி ஒருவர் வந்து, படகில் அக்கரை வரை போய்த் திரும்பிய பிறகுதான் கையெழுத்துப் போடுவார். அதை நம்பி நான் தையல் கம்பெனி வேலையை விட்டிருந்தேன். விட்டதோடு நிற்காமல், சூப்பர்வைசரைப் பற்றி மனதில் இருந்ததையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே கொட்டிவிட்டும் வந்திருந்தேன். அனுமதி கிடைக்கவில்லையென்றால் திரும்பிப் போய் நிற்க முகம் கிடையாது.

அதிகாரி வந்தார். லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடுப்பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் மோட்டாரைப் பிடித்தபடி அண்ணன், முன்னால் இவர். புறப்பட்டதென்னவோ ஜோராகத்தான் புறப்பட்டோம். ஆற்றின் நடுவில் மோட்டாரில் எண்ணெய்க் குவளை படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. பீப் பீப் என்று சத்தம் வேறு. இன்ஜின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அண்ணன் சட்டென்று அணைத்துவிட்டார்.

முன்னால் இருந்து இவர் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார். "உன் அண்ணன்கிட்ட கேளு, தண்ணி பீய்ச்சிச்சான்னு."

கேள்வி சரியான கேள்விதான். இன்ஜினைக் குளிரவைக்கிற தண்ணீர் மோட்டாரின் பக்கவாட்டில் பீய்ச்சி அடிக்க வேண்டும், அடிக்கவில்லையென்றால் சூடு ஏறுகிறது என்று அர்த்தம். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னிக்குக்கூடவா? நான் கேக்க மாட்டேன், போங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இவர் கொஞ்சம் யோசித்தார். "சார், பின்னாடி இருக்கறவர்கிட்ட கேளுங்களேன், தண்ணி பீய்ச்சிச்சான்னு."

ஆற்றில் குதித்துவிடலாமா என்று இருந்தது எனக்கு. அதிகாரி, பாவம், திரும்பினார். "தண்ணி பீய்ச்சிச்சான்னு கேக்கறாரு."

"நல்லாவே பீய்ச்சிச்சுன்னு சொல்லுங்க சார்."

"நல்லாவே பீய்ச்சிச்சாம்."

"அப்போ சூடு இல்ல. ஆயில் பாத்தாரான்னு கேளுங்க சார்."

"ஆயில் பாத்தீங்களா?"

"நேத்தே பாத்தேன் சார். அளவுக் குச்சி காஞ்சு கெடந்துச்சு. அரை லிட்டர் ஊத்தினேன்."

அதிகாரி முன்பக்கம் திரும்புவதற்குள் இவர் முகம் வெளுத்துவிட்டது. "காலையில நானும் பாத்தேன் சார். அப்பவும் காஞ்சுதான் கெடந்துச்சு. நானும் அரை லிட்டர் ஊத்தினேன்."

"மோட்டாரை இறக்கி வெச்சுப் பாத்தீங்களா, தூக்கி வெச்சா?" என்றார் அதிகாரி.

"தூக்கி" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

பாசி சுற்றாமல் இருக்க, கரையில் கட்டும்போது மோட்டாரைத் தூக்கிச் சாய்த்து வைப்போம். சாய்ந்திருந்தால் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், அளவுக் குச்சியில் ஒட்டாது. இறக்கி நேராக நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். இது எனக்கே தெரியும், அவர்களுக்குத் தெரியாதா? ஆனால் மற்றவர் கண்ணில் படுவதற்குள் பார்த்துவிட்டு ஓட வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள் எங்கே இறக்குவது? அண்ணன் குச்சியை உருவிக் காட்டினார். ஆயில் மேல்கோட்டையும் தாண்டி, துணி ஊறவைத்த வாளி மாதிரி நுரைத்திருந்தது. நுரையை இழுத்து இழுத்துத்தான் ஆயில் பம்பு தடுமாறியிருக்கிறது.

துடுப்புப் போட்டுத் திரும்புவதைத் தவிர வழியில்லை. ஆளுக்கொரு துடுப்பை எடுத்துக்கொண்டு அவரவர் நிறத்துப் பக்கம் உட்கார்ந்தார்கள். இவர் இழுக்கும்போது அண்ணன் நிறுத்துகிறார், அண்ணன் இழுக்கும்போது இவர் நிறுத்துகிறார். ஒரு வார்த்தை பேசிக்கொண்டால்தானே! படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. அதிகாரி பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு பேரும் சேந்து என் பொழப்பை ஆத்துல கரைக்கறீங்க! உங்களை நம்பி வேலையை விட்டேனே, எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்!" அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. அதிகாரி இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

துடுப்புகள் நின்றன. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மாப்பிள்ளை, கொஞ்சம் மெதுவா போடுங்க. நான் சேந்துக்கறேன்."

இவர் திரும்பிப் பார்த்தார். "சரி மச்சான். நீங்க சொல்லுங்க, நான் போடறேன்."

படகு நேரானது.

கரையில் மெல்லிய குழாயை விட்டு, அதிகப்படியான ஆயிலை உறிஞ்சி எடுத்தார்கள். வெளியே வந்தது யாருடைய அரை லிட்டர் என்று ஒரு சண்டை. சத்தம் போட்டே சண்டை. எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. மறுபடி அக்கரை போய்த் திரும்பினோம், விளக்கு எரியவே இல்லை.

"விளக்கு எரிஞ்சதும் அணைச்சீங்க பாருங்க, அதுக்காகத்தான் போடறேன்" என்று அதிகாரி கையெழுத்துப் போட்டார். போகும்முன் அதில் ஒரு நிபந்தனையும் எழுதினார். படகில் இருக்கும்போது ஓட்டுநர்கள் இருவரும் ஒருவரோடொருவர் நேரடியாகப் பேச வேண்டும், மீறினால் அனுமதி ரத்து.

அதை இருவரும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள். படகில் ஓயாத பேச்சு. கரையில் கால் வைத்தால் கப்சிப், மறுபடியும் நான்தான் தபால்காரி. நிபந்தனை படகுக்கு மட்டும்தானாம்.

ஆனால் இப்போதெல்லாம் கடைசி நடை முடிந்து, படகைக் கட்டி, மோட்டாரைத் தூக்கி வைத்த பிறகும் இருவரும் இறங்குவதில்லை. சாப்பாடு ஆறுகிறது என்று கரையிலிருந்து கத்தினால், "நீ போ, நாங்க பேசிட்டு வர்றோம்" என்கிறார்கள்.