பச்சைப் பட்டன்

பிரகதீஸ்வரி இரண்டு பட்டன்களையும் ஒரே அளவில், நடுவே நல்ல இடைவெளி விட்டுத் திரையில் வைத்திருந்தாள். ஆலங்குடி முந்திரிக் கம்பெனிக்கான செயலி அது. சாயங்காலம் வேலை முடியும் நேரமானால் அங்கே வேலை செய்யும் பெண்களின் போனில் ஒரு கேள்வி வரும்: எட்டு மணி வரை இருக்கச் சம்மதமா?

"என்னம்மா, பட்டிமன்றமா நடத்துறோம், ரெண்டு பக்கமும் சமமா ஒக்கார வைக்க?" என்றார் அவளுடைய முதலாளி ஆனந்தராஜ். "சம்மதத்த பச்சையில பெருசாப் போடு. முடியாதுங்கிறது அதுக்கு மேல ஓரமா, ஒட்டுனாப்ல, சின்னதா, மங்கலா இருக்கட்டும்."

"கண்ணுக்கே தெரியாதுண்ணே."

"கஸ்டமர் கேக்குறது அதத்தான். சங்கடமா இருந்தா சொல்லு, அருண்குமார் செஞ்சிட்டுப் போறான்."

வேலை போனால் வேறு வேலை ஏது? மவுஸை நகர்த்தினாள். மனசு கேட்காமல், அந்த மங்கல் எழுத்தை மட்டும் கொஞ்சம் கறுப்பாக்கினாள். ஆனந்தராஜ் கவனிக்கவில்லை.

அக்கா பரிமளாவும் அந்தக் கம்பெனியில்தான் முந்திரி உடைக்கிறாள். வீட்டில் கைக்குழந்தை, புட்டிப்பாலைத் துப்பிவிடும்.

"பச்சையத் தொட்டுறாதக்கா. மேல ஓரத்துல சின்னதா இருக்கும், அதத் தொடு."

"அஞ்சு மணிக்குப் புள்ள பசியில ஊரக் கூட்டும்டி. மறப்பேனா?"

செயலி ஓடத் தொடங்கிய அன்று ஆனந்தராஜ் பிரகதீஸ்வரியையும் முந்திரிக் கம்பெனிக்குக் கூட்டிப்போனார். போன்கள் வரிசையாகச் சிணுங்கின. முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டு வெந்துபோன விரல்களில் பெண்கள் விளக்கெண்ணெய் தடவியிருந்தார்கள். அந்த விரல் நுனியைப் போன் ஏற்காது. எல்லோரும் விரலை மடக்கி முட்டியால்தான் தட்டினார்கள். பிரகதீஸ்வரி கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் யோசித்திருந்தாள், இத்தனை பருத்த முட்டியை அல்ல.

பரிமளா சின்ன எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். தங்கையைப் பார்த்துச் சிரித்தாள். முட்டியால் தட்டினாள். போன் ஏற்கவில்லை. இன்னொரு முறை அழுத்தித் தட்டினாள். முட்டி கீழே ஒட்டியிருந்த பச்சையில் பட்டு, திரை முழுக்கப் பச்சை பரவியது.

"பரிமளா சம்மதம்," என்றார் மேஸ்திரி பெரியண்ணன்.

"அய்யோ, முடியாதுன்னுதாண்ணே தட்டுனேன்! புள்ளைக்குப் பால் குடுக்கணும்."

"நீயேதானத்தா பச்சையத் தட்டியிருக்க. மாத்த அதுல வழியில்லயே, நான் என்ன பண்ண?"

பரிமளா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். பிரகதீஸ்வரி வாயைத் திறப்பதற்குள் ஆனந்தராஜ் அவள் பக்கம் குனிந்தார். "ஒருத்திகூட முடியாதுங்கல, பாத்தியா? நல்லாப் பண்ணியிருக்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மணி ஐந்தைத் தாண்டியது. உடைக்கும் மெஷின் முன்னால் பரிமளாவின் ரவிக்கை மெல்ல நனையத் தொடங்கியது. முழங்கையால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, அடுத்த கொட்டையை வைத்துக் கைப்பிடியை அழுத்தினாள்.