நான்காவது போத்தல்

றோய் சிங்கப்பூரிலிருந்து வந்து ஐந்து மாதமாகியிருந்தது. மன்னார்த் தீவில், அவன் ஊரான பள்ளிமுனையில் யார் கேட்டாலும் "லீவில வந்தனான்" என்றே சொன்னான். முதல் மாதம் நம்பினார்கள். மூன்றாம் மாதம் கேட்பதை விட்டுவிட்டார்கள். இப்போது அவன் மோட்டார் சைக்கிளில் போனால், கடை வாசலில் நிற்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. காலைத் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்புவான். பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்குப் போய், இலுப்பைக்கடவை வரை ஓடி, ஒருவரையும் சந்திக்காமல், ஒன்றும் வாங்காமல் திரும்பி வருவான். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் மறுபடி சாவியைத் தேடுவான். சோளகக் காற்றுப் பிடித்திருந்த காலம் அது. வீதியெல்லாம் மணல் பறந்தது. முகத்தில் மணல் அடிக்க அடிக்க ஓடுவது அவனுக்கு ஒருவிதத்தில் பிடித்திருந்தது.

"எங்கயடா இப்பிடி ஓடுறாய்?" என்று அக்கா அன்ரோனெற் கேட்பாள்.

"சும்மா."

அவள் வீட்டில்தான் தங்கியிருந்தான். அத்தான் சிங்கராசா கடலுக்குப் போகிறவர். அன்ரோனெற் சமையலுக்குப் பேர்போனவள். கலியாணமோ கோயில் பெருநாளோ, நண்டுக்கறிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

றோய்க்கும் அப்படி ஒரு பெயர் இருந்தது, வேறொரு உலகத்தில். பத்தொன்பது வயதில் பேருவளையில் ஒரு ஹோட்டலுக்கு மேசை துடைக்கப் போனவன். அங்கிருந்து டுபாய். அங்கே ஒரு நாள், அடுத்த அறையில் திறந்த வைன் போத்தல் எதுவென்று கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே மணத்தால் சொல்லிவிட்டான். மனேஜர் அவனைப் படிக்க அனுப்பினார். முதல் முறை சோதனையில் தவறி, இரண்டாம் முறை பாஸ் பண்ணிச் சொமெலியே ஆனான். விருந்தினரின் சாப்பாட்டுக்குப் பொருந்தும் வைனைத் தேர்ந்து, திறந்து, முதலில் தான் மணந்து பார்த்து, பிறகு ஊற்றிக் கொடுக்கும் வேலை அது. "மணந்து பாக்கிறதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களோ?" என்று ஊரில் சிரித்தார்கள். சிங்கப்பூரில், ஒரு மேசை கிடைக்க மூன்று மாதம் காத்திருக்கவேண்டிய உணவகத்தில், வைன் பகுதி முழுவதற்கும் அவன் தலைவனானான். ஒரு சஞ்சிகை அவனுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியது. அதை வெட்டி அன்ரோனெற் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருந்தாள்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் அவனுக்குக் கொரோனாக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் எட்டு நாளில் போனது. போகும்போது மணத்தையும் கொண்டுபோய்விட்டது. இரண்டு கிழமையில் வரும் என்றார் டொக்டர். பிறகு ஆறு மாதம் என்றார். பிறகு அவன் டொக்டரிடம் போகவில்லை.

ஒருவருக்கும் சொல்லவில்லை. எந்த ஊர்த் திராட்சை, எந்த ஆண்டில் எப்படி மணக்கும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். கிளாசை மூக்கருகே கொண்டுபோவான், கண்ணை மூடுவான், ஞாபகத்திலிருந்து சொல்லுவான். இரண்டு வருடத்துக்கு மேல் அப்படியே ஓட்டினான். ஒரு நாள், பல வருடமாக வரும் ஒரு சீனக் கிழவருக்கு ஒரு பழைய போத்தலைத் திறந்து, மணந்து, "மிக நன்றாக இருக்கிறது" என்று ஊற்றினான். தக்கையில் பூஞ்சணம் பிடித்து வைன் கெட்டுப்போயிருந்தது. கிழவர் மணந்தார். றோயை நிமிர்ந்து பார்த்தார். கெட்ட அந்த வைனைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கிளாசைக் கழுவ வாங்கிய பெடியன்தான் நாற்றத்தைச் சொன்னான். அடுத்த கிழமை றோய் வேலையை விட்டான்.

ஆனி மாதத்தில் தனஞ்சயன் வீடு தேடி வந்தான். இலுப்பைக்கடவையில் வயல் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. கொழும்பு ஹோட்டல்களில் பதினைந்து வருடம் வேலை செய்துவிட்டு, தலைமன்னார்ப் பக்கம் கடற்கரையில் பன்னிரண்டு அறையோடு சொந்தமாக ஒன்று கட்டியிருந்தான்.

"றோய் அண்ணை, எட்டுப்பேர் வருகினம். வெளிநாட்டுக்காரரைச் சாப்பாட்டுக்கெண்டே ஊர் ஊராக் கூட்டிக்கொண்டு போற ஆக்கள், சஞ்சிகைக்கு எழுதிற ஆக்கள். அவை நினைச்சால் மன்னார் சாப்பாட்டுக்கும் ஒரு பேர் வரும். அன்ரோனெற் அக்கா சமைக்கட்டும், நீங்கள் வைன் குடுங்கோ. ஒரு மத்தியானம் மட்டும். பிறகு விருப்பமெண்டால் என்னோடயே நில்லுங்கோ."

மாட்டேன் என்றால் காரணம் சொல்லவேண்டும். றோய் "ஓம்" என்றான்.

விருந்துக்குப் பத்து நாள் முன்பு, ஹோட்டல் குசினியில் ஒருமுறை சமைத்துப் பார்க்கப் போனார்கள். அன்ரோனெற் முருங்கை இலை ஒடிக்க வெளியே போயிருந்தாள். அந்த நேரம் நண்டு வந்தது. றோய்தான் கூடையை வாங்கினான். கழுவினான், உடைத்தான், சட்டியில் போட்டு அடுப்பையும் பற்ற வைத்தான். அன்ரோனெற் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சீ! என்ன இது நாத்தம்!" சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து அடுப்பை அணைத்தாள். நண்டு செத்து எத்தனை மணி நேரமோ. குசினி முழுக்க நாறியது. தலைக்கு மேல் புகை எழும்ப, கையில் அகப்பையோடு, முகத்தில் ஒரு சுளிப்புமில்லாமல் நின்றுகொண்டிருந்தான் றோய்.

திரும்பி வரும் வழியில், பேசாலை தாண்டியதும், "நிப்பாட்டு" என்றாள். மோட்டார் சைக்கிள் நின்றது.

"உனக்கு மணக்கிறேல்லையோ?"

அவன் கடலைப் பார்த்தான். அங்கே அலை தெரியவில்லை, பறக்கும் மணல்தான் தெரிந்தது.

"எப்ப இருந்து?"

"மூண்டு வருசம்."

"அப்ப ஐஞ்சு மாசமா நான் ஆக்கினதைத் திண்டுபோட்டு, நல்லாயிருக்கக்கா, நல்லாயிருக்கக்கா எண்டியே?"

"உறைப்புத் தெரியும். உப்புத் தெரியும், புளி தெரியும். மற்றதெல்லாம் பழைய ஞாபகத்தில..."

அன்ரோனெற்றுக்கு அழுகை வந்தது. அதைக் கோபமாக்கிக்கொண்டாள். "தனஞ்சயனிட்டச் சொல்லு. நாளைக்கே சொல்லு."

அவன் நாளைக்குச் சொல்லவில்லை. நாலு நாள் இலுப்பைக்கடவை வரை போய்ப் போய்த் திரும்பினான். ஐந்தாம் நாள் ஹோட்டலுக்குப் போய்ச் சொன்னான். தனஞ்சயன் கதிரையில் சாய்ந்தான். பிறகு கையிலிருந்த அழைப்பு அட்டையை நீட்டினான். அதில் றோயின் பெயரும் படமும் அச்சாகியிருந்தன.

"எட்டுப் பேருக்கும் அனுப்பியாச்சு, அண்ணை. இத்தனை வருசம் படிச்ச படிப்பு உங்கட தலைக்குள்ளதானே இருக்கு? மூக்கு இல்லாட்டி என்ன? அவை உங்கட கதையைக் கேக்கத்தான் வருகினம்."

அவன் சொன்னது முழுப் பொய்யுமில்லை. அதுதான் றோயை அன்றிரவு தூங்கவிடாமல் செய்தது. விடிந்ததும் ஒரு முடிவோடு எழும்பினான். விருந்துக்கென்று கொழும்பிலிருந்து வந்த நாலு வகை வைனிலும் ஒவ்வொரு போத்தலை வீட்டுக்குக் கொண்டுவந்து அக்காவின் முன் திறந்தான்.

"மணந்து சொல்லு."

"எனக்கென்னடா தெரியும்?"

"தெரிஞ்சதைச் சொல்லு."

அவள் மாதா கோயில் பூசையில் தவிர வேறெங்கும் வைனைக் கண்டவளில்லை. முதலாவதை மணந்து, தேசிக்காய்த் தோலும் ஈரக் கல்லும் என்றாள். இரண்டாவது, அவளுக்கு அன்னமுன்னாப் பழம். மூன்றாவதை அதிக நேரம் மணந்துவிட்டுத் தலையை ஆட்டினாள். கடைசியில், வறுத்த எள்ளு என்றாள். நான்காவது சிவப்பு வைன். "விளாம்பழம். நல்லாப் பழுத்து விழுந்தது. அதுக்குள்ள கொஞ்சம் கராம்பு." றோய் கொப்பியில் எழுதினான். இந்தக் கள்ளத்தில் தானும் கூட்டு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தம்பி ஐந்து மாதத்துக்குப் பிறகு ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் இருக்கிறான் என்பதால் பேசாமல் இருந்தாள்.

விருந்து சனிக்கிழமை மத்தியானம். காற்றுக்கு மறைவாகப் பனையோலைத் தட்டி கட்டி நீள மேசை போட்டிருந்தார்கள். எட்டுப் பேரில் பெரியவர் சுபத்திரா, கொழும்பிலிருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண். இருபது வருடமாக வெளிநாட்டவரை இலங்கைச் சமையல் காட்டக் கூட்டிப் போகிறவர். அவர் ஓர் ஊரைத் தன் பயணப் பட்டியலில் சேர்த்தால் மற்றவர்களும் சேர்ப்பார்கள் என்று தனஞ்சயன் சொல்லியிருந்தான்.

பொரித்த கணவாய்க்கு முதல் போத்தல். மீன் சொதிக்கும் இடியப்பத்துக்கும் இரண்டாவது. சுட்ட இறாலுக்கு மூன்றாவது. றோய் கிளாசை உயர்த்தினான், மணந்தான், கண்ணை மூடினான், பேசினான். அன்னமுன்னாப் பழம் என்றபோது ஒரு ஆங்கிலேயர் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொண்டார். சிரித்தார்கள், கை தட்டினார்கள். அவனுக்குத் தன் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது. மேசையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்துகொண்டே இருந்தான்.

நண்டுக்கறி வந்தது. நான்காவது போத்தலைத் திறந்தான். விளாம்பழத்தைப் பற்றியும் கராம்பைப் பற்றியும் சொன்னான். எட்டுப் பேரும் மணந்தார்கள், குடித்தார்கள். "அற்புதம்" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

மிச்சத்தில் ஒரு வாய் அக்காவுக்கென்று எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனான். தன் கறியோடு எதைக் குடிக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும் என அவள் கேட்டிருந்தாள். அன்ரோனெற் கிளாசை மூக்கருகே கொண்டுபோனதும் முகத்தைத் திருப்பினாள்.

"இது அண்டைக்கு மணந்ததில்லை."

"அதே வைன்தான். போத்தல்தான் வேற."

"டேய், இது மழையில நனைஞ்ச சாக்கு. மீன்வாடி மூலையில கிடந்து புழுங்கின சாக்கு. இதையோ என்ர நண்டோட குடுத்தனி?"

அவன் சட்டைப்பையிலிருந்த தக்கையை எடுத்து அவளிடம் நீட்டினான். அதிலும் அதே நாற்றம் என்றாள்.

தனஞ்சயன் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தான். "அண்ணை, உங்களைத்தான் தேடினம். பிரமாதமாப் போகுது." விஷயத்தைக் கேட்டதும் குரலைத் தாழ்த்தினான். "ஆருக்கும் தெரியேல்லைத்தானே? ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. விடுங்கோ, வட்டிலப்பம் குடுத்து முடிப்பம்."

விட்டிருக்கலாம். ஒரு கணம் றோயின் நெஞ்சு இலேசாகக்கூட ஆனது. பிறகு தட்டியின் இடைவெளியால் மேசை தெரிந்தது. சுபத்திரா கிளாசை எடுத்தார், கொஞ்சம் தயங்கினார், குடித்தார். சிங்கப்பூர்க் கிழவரின் தொண்டை அசைந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது.

அவன் வெளியே போய் மேசைத் தலைப்பில் நின்றான்.

"தயவுசெய்து குடிக்கவேண்டாம்" என்றான், ஆங்கிலத்தில். "இந்தப் போத்தல் கெட்டுப்போனது. எனக்கு அது தெரியவில்லை, ஏனென்றால் மூன்று வருடமாக எனக்கு மணமே தெரியாது. இன்று நான் சொன்ன ஒவ்வொரு மணமும் என் அக்கா மணந்து சொன்னது. இது கெட்டது என்று கண்டுபிடித்ததும் அவள்தான்."

காற்றில் தட்டி படபடத்தது. ஒருவர் கிளாசை மறுபடி மணந்துவிட்டுத் தள்ளி வைத்தார். அற்புதம் என்றவர் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுபத்திராதான் முதலில் வாய் திறந்தார், தமிழில். "வாய்க்குள்ள வைச்ச உடன எனக்கும் ஒரு மாதிரி இருந்தது, தம்பி. நீங்கள் நல்லதெண்டு சொன்னபடியால் என்ர நாக்கைத்தான் பிழையெண்டு நினைச்சன். இருபது வருசம் இந்தத் தொழில் செய்தும்." கொஞ்சம் நிறுத்தி, "உங்கட அக்காவைக் கூப்பிடுங்கோ" என்றார்.

அன்ரோனெற் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் பயந்தது போல யாரும் வைனைப் பற்றிக் கேட்கவில்லை. நண்டுக்கு எப்போது தேங்காய்ப்பால் விட்டீர்கள் என்று கேட்டார்கள். சொன்னாள். அதன் பிறகு நாலு மணி வரை மேசையை விட்டு யாரும் எழும்பவில்லை.

தனஞ்சயன் மூன்று கிழமை றோயோடு பேசவில்லை. அவன் கோபத்தில் நியாயம் இருந்தது: அட்டையில் அச்சடித்த படம் பொய்யாகிவிட்டது. இரண்டு பேர் மன்னாரைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. ஆங்கிலேயர் எழுதியது வைனைப் பற்றியல்ல, கறியைப் பற்றி. சுபத்திரா ஆவணியில் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். சமையல் அன்ரோனெற்றுடையதென்றால்தான் வருவோம் என்று முன்கூட்டியே எழுதியிருந்தார். தனஞ்சயன் மறுபடி வீடு தேடி வந்தான், இம்முறை அக்காவிடம். ஞாயிறு வரமாட்டேன், நண்டு வரும் கூடையை நான்தான் வாங்குவேன் என்று இரண்டு நிபந்தனை போட்டுவிட்டு அவள் சம்மதித்தாள்.

றோய் சிங்கப்பூர்க் கிழவருக்குக் கடிதம் எழுதினான். பதில் வரவில்லை. டொக்டரிடம் போனான். கராம்பு, தேசிக்காய், யூக்கலிப்டஸ் எண்ணெய் என்று வைத்துத் தினமும் இரண்டு வேளை மணக்கப் பழகச் சொன்னார், உறுதி எதுவும் தரவில்லை. வேலைக்கு விண்ணப்பங்கள் போட்டான். ஒவ்வொன்றிலும் முதல் வரியிலேயே தனக்கு மணம் தெரியாது என்று எழுதினான். நாலு இடம் பதிலே போடவில்லை. நீர்கொழும்பில் ஹோட்டல் தொழில் படிப்பிக்கும் ஒரு பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். மேசையில் எப்படி நிற்பது, விருந்தினர் சொல்லாததை எப்படிக் கேட்பது, பிழை விட்டால் எப்படிச் சொல்வது. இவற்றைப் படிப்பிக்க முடியுமா என்று கேட்டார்கள். கடைசியில் கேட்டதற்கு மட்டும் முடியும் என்று உடனே சொன்னான்.

புரட்டாதியில் ஒரு வெள்ளிக்கிழமை நீர்கொழும்புக்குப் புறப்பட்டான். அன்ரோனெற்றால் பஸ் நிலையத்துக்கு வர முடியவில்லை. அன்று மத்தியானம் ஹோட்டலுக்கு ஒன்பது பேர். வாசலில் நின்று அவன் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, "போய்ச் சேர்ந்ததும் போன் எடு. இஞ்சை நிக்காத, எனக்கு வேலையிருக்கு" என்றாள்.

சீற் கிடைத்தது. பஸ் பாலத்தில் ஏறியதும் றோய் எழும்பி, பையை அந்த இடத்தில் வைத்துவிட்டு, முன் கதவருகே, காற்று முகத்தில் அடிக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இருங்கோவன் அண்ணை, கனதூரம் போகோணும்" என்றார் கொண்டக்டர்.

"பரவாயில்லை" என்றான் றோய்.