புழு செத்த பிறகு

கோம்பை நாயைக் கட்டிப்போட்டால் ரோஷம் போய்விடும் என்பார் என் வீட்டுக்காரர் கருத்தக்கண்ணன். அப்பேர்ப்பட்டவர் 2007 கோடையில் எங்கள் ஆண்நாய் கருவாயனைச் சங்கிலியில் கட்டி, சோறு ஊட்டி, "படுத்துக்கடா சாமி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். எனக்குக்கூட அப்படி ஒரு நாளும் பணிவிடை செய்ததில்லை.

இருமலும் இளைப்புமாகக் கிடந்தவனை உத்தமபாளையத்தில் கால்நடை டாக்டரிடம் காட்டினோம். இதயத்தில் புழு, கொசு கடித்து வந்தது என்றார்.

"ஊசி போட்டுப் புழுவக் கொன்னுறலாம். அப்புறந்தான் ஆபத்து. உறைஞ்ச ரத்தத்தக் கரைக்கிற சத்து நாயோட ரத்தத்துலயே இருக்கு. உசுரோட இருக்கிற புழு அதத் தன் மேல இழுத்து வச்சுக்கிட்டு, தன்னச் சுத்தி ரத்தம் உறையாமப் பாத்துக்கிடும். செத்த புழுவுக்கு அது ஏது? துண்டு துண்டா நுரையீரல்ல போய் அடைக்கும், ரத்தம் உறையும். அதெல்லாம் கரையிற வரைக்கும் ஓட விட்டுறாதீங்க."

"உசுரோட இருந்தாலும் கொல்லுது, செத்தாலும் கொல்லுதா!" என்று இவர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஊரில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சீக்கு நாய் என்று பேர் வந்தால் இணை சேர்க்க யார் பெட்டையைக் கூட்டி வருவார்கள்? கால் சுளுக்கு என்று சொல்லி வைத்தார். வறட்டுக் கௌரவம்!

ஊசி போட்ட மூன்றாவது வாரம் என் தம்பி தங்கபாண்டி மார்க்கையன்கோட்டையிலிருந்து பெட்டையோடு வந்தான். ஓட்டம் பார்க்காமல் எங்கள் பக்கம் நாய் சேர்ப்பதில்லை.

"சுளுக்குத்தான் விட்டுருச்சே மாமா, ஒரு ஓட்டம் விடுங்க. இல்ல, முன்ன மாதிரி ஓட மாட்டானா?"

அந்தக் கேள்விதான் இவரைச் சுட்டிருக்க வேண்டும். நான் அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். சங்கிலி விழுந்த சத்தம் கேட்டு ஓடி வருவதற்குள் கருவாயன் தென்னந்தோப்பின் கடைசிக்கே போய்விட்டான். என்ன ஓட்டம்! பாவி, நானும் ஒரு கணம் மலைத்து நின்றேன்.

திரும்பி வரும்போதே இருமினான். வாயில் ரத்தம். இவர் காலடியில் வந்து சரிந்தான்.

"சுளுக்கு இல்ல மாப்ள..." என்றார். நாயின் தலையை மடியில் எடுத்து வைத்துக் கதறினார். திட்டத்தான் வந்தேன், என்னாலும் அழத்தான் முடிந்தது.

கருவாயன் இவர் முகத்தையே பார்த்து வாலை ஆட்டினான். சொன்னபடி நன்றாக ஓடிவிட்டோம் என்று நினைத்திருப்பான். வால் ஆடி நிற்கும்வரை, ஆமாம் என்பதுபோல இவர் அவனைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.