நூற்றைம்பத்தொரு ரூபாய்ச் சேவல்

என் கணவரின் அண்ணன் வேதமணி, எனக்குப் பெரியத்தான், கணக்கு வாத்தியார். இதைச் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சாத்தான்குளத்துப் பக்கம் எங்கள் ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். ஆனால் பட்டாளத்திலிருந்து தம்பி சம்பளத்தில் மாதாமாதம் வரும் மணியார்டரில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால் மட்டும் மனுஷனுக்குக் கூட்டல் கழித்தல் மறந்துபோகும்.

மணியார்டர் அவர் பேருக்குத்தான் வரும். கல்யாணத்துக்கு முன்பே என் கணவர் சுந்தர்சிங் அப்படி எழுதிக் கொடுத்திருந்தார், பிறகும் மாற்றவில்லை. "அண்ணன் சேத்து வைப்பாவ" என்பார். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டதுமே பெரியத்தான் பேனா மூடியைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். எனக்கு அரிசியும் எண்ணெயும் அளந்து கொடுப்பார். ஒரு சோப்புக்கூட நான் அவர் முன்னால் போய் நின்றுதான் வாங்க வேண்டும். சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

எழுபத்து மூன்றில் லீவில் வந்த என் கணவர் நல்ல செய்தி கொண்டுவந்தார். ஜபல்பூரில் குடும்பத்தோடு இருக்க குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. கிறிஸ்துமஸுக்குள் நான் போய்ச் சேராவிட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும். ரயில் செலவும் நாலு பாத்திரமும் போதும். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர் லீவில் வந்த நாட்கள்தான் நாங்கள் சேர்ந்து வாழ்ந்த நாட்கள். எனக்கு அந்த வீடு வேண்டும்.

"பெரியத்தான்ட்ட பணத்தக் கேளுங்க" என்றேன்.

"அறுப்பின் பண்டிகை முடியட்டும்ளா. இப்பக் கேட்டா அண்ணன் மனசு சங்கடப்படும்."

வங்காளதேசச் சண்டையில் குண்டுக்கு நடுவே நின்ற வீரர்! அண்ணன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை.

விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம். காணிக்கையாக வந்த வாழைத்தார், முருங்கைக்காய், கருப்பட்டி எல்லாவற்றையும் சபையார் போட்டி போட்டு எடுப்பார்கள். பொருளுக்கும் விலைக்கும் சம்பந்தமே இருக்காது. சாமிக்குப் பாதி, பவிசுக்குப் பாதி. அதிலும் முதல் சேவலை எடுப்பவருக்குத்தான் பெரிய மதிப்பு. வருஷா வருஷம் அது பெரியத்தானுக்குத்தான் போகும். வாத்தியார் சம்பளத்தில் எடுக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சந்தையில் எட்டு ரூபாய் பெறாத கிழச் சேவல். ரைஸ்மில்காரர் நூற்றைம்பது என்றார். பெரியத்தான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நூத்தி அம்பத்தொண்ணு" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

"யார் பேர்ல எழுத, சார்?" என்று ஏலம் விட்ட கோயில் பணியாளர், கோயில்பிள்ளை பவுல், கேட்டார்.

"எப்பவும் போல எல்லையில நிக்கித என் தம்பி பேர்லதான். அவன் பணம், அவனுக்கே ஆசீர்வாதம்."

இப்படி ஊர் மெச்சச் செலவழிந்தே மூன்று வருஷச் சம்பளம் போன வழி அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன்.

"தம்பி எல்லையில இல்ல அண்ணாச்சி, இந்தா இங்கனதான் இருக்காவ. அவியகிட்டயே கேட்டு எழுதுங்க."

சபை முழுவதும் திரும்பியது. என் கணவர் பரேடில் நிற்பதுபோல விறைப்பாக எழுந்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணன் சொன்னா சரி" என்றார்.

அட, மண்ணாந்தை! இந்த மனுஷனை நம்பியா கழுத்தை நீட்டினேன் என்று இருந்தது. நானே போய்ச் சேவலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அறுத்து, மசாலா அரைத்து, மணக்க மணக்கக் குழம்பு வைத்து அவருக்கு இலை போட்டேன்.

"தின்னுங்க. இது நம்ம ரயில் டிக்கெட்டு." தொடைக்கறியை எடுத்து வைத்தேன். "இது குவார்ட்டர்ஸ். நல்லா மென்னு தின்னுங்க."

அவர் இலையை அப்படியே மடித்தார். கையைக் கழுவிவிட்டு வந்து தலை குனிந்தபடி உட்கார்ந்தார்.

"நான் என்னளா செய்யணும்?"

"லீவு முடிஞ்சு போனதும் மணியார்டர என் பேருக்கு மாத்தி எழுதிக் குடுங்க. அண்ணன்ட்ட சொல்லாண்டாம். அவ்வளவு தைரியத்த நான் உங்ககிட்ட எதிர்பாக்கல."

டிசம்பர் முதல் வாரம் தெருவில் சைக்கிள் மணி கேட்டது. பெரியத்தான் பேனாவைத் திறந்துகொண்டு வாசலுக்கு வந்து கையை நீட்டினார்.

"சார், இது உங்க தம்பி சம்சாரம் ஜெபசெல்வி பேருக்கு வந்திருக்கு" என்றார் தபால்காரர்.

பெரியத்தானின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! நீட்டிய கையை மடக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்தப் பேனாவக் கொஞ்சம் தாங்க, பெரியத்தான். கையெழுத்துப் போட்டுட்டுத் தாரேன். ஜபல்பூருக்கு டிக்கெட் எடுக்கணும்."